ஊர்ச் சேவைச் சங்கத்தில் சேர்ந்தால் என்ன வேலை இருக்கும்?

தமிழ்நாட்டில் எந்தச் சிறு நகரத்துக்குள் பேருந்தில் நுழைந்தாலும் ஊர் எல்லையில் ஒரு வரவேற்புப் பலகை நிற்கும். பற்சக்கரச் சின்னம் இருந்தால் ரோட்டரி சங்கம், சிங்க முகங்கள் இருந்தால் அரிமா சங்கம். கொஞ்சம் உள்ளே போனால் பேருந்து நிழற்குடையில் அதே பெயர், அரசு மருத்துவமனை வாசலில் குடிநீர்த் தொட்டியில் அதே பெயர், அரசுப் பள்ளியின் கழிப்பறைச் சுவரிலும் அதே பெயர். ஆனால் இந்தச் சங்கங்களுக்குள் என்ன நடக்கிறது, யார் சேரலாம், சேர்ந்தால் என்ன செய்யச் சொல்வார்கள், கட்டுகிற பணம் எங்கே போகிறது என்று கேட்டால் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் தெரிவதில்லை. வசதி உள்ளவர்கள் ஓட்டலில் கூடிச் சாப்பிடுகிற இடம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஊருக்கு நல்லது செய்கிறவர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேவைச் சங்கம் ஊருக்குத் தரக்கூடிய பெரிய உதவி பணம் இல்லை. மருத்துவமனையிடம் திறமை இருக்கிறது. அரசிடம் திட்டம் இருக்கிறது. தேவைப்படுகிறவர் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்ச் சொல்லி, கூட்டிக்கொண்டு வந்து, திரும்ப வீட்டில் விட்டு, பத்து நாள் கழித்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிற ஆள்தான் கிடைப்பதில்லை. அந்த வேலைக்குத் தயாரான நாலு பேர் இருக்கிற சங்கம்தான் பயனுள்ள சங்கம்.

கண் சிகிச்சை முகாமைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அரசு மருத்துவராக இருந்தபோதே கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்தியவர் அவர். அந்தக் காலத்து முகாம்களில் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே அறுவை சிகிச்சையும் நடக்கும், நோயாளிகள் அங்கேயே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறை வந்த பிறகு அது சரிப்படவில்லை. நுண்ணோக்கி வேண்டும், கிருமித்தொற்று இல்லாத அறுவை அரங்கு வேண்டும். அதனால் முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை சிகிச்சை மருத்துவமனையில் என்று ஏற்பாடு மாறியது. முகாமில் தேர்வானவர்களை அன்றைக்கே பேருந்தில் ஏற்றிக் கூட்டிப் போய், இலவசமாக அறுவை சிகிச்சை செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

இதில் மருத்துவமனையின் பங்கு எல்லோருக்கும் தெரியும். முகாமை ஏற்று நடத்துகிற உள்ளூர் அமைப்பின் பங்கு வெளியே தெரியாது. அந்த அமைப்பு ரோட்டரியாக இருக்கலாம், அரிமா சங்கமாக இருக்கலாம், கோயில் அறக்கட்டளை, நூற்பாலை, வங்கி எதுவாகவும் இருக்கலாம். தேதியைப் பல வாரங்களுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் திருவிழா இருக்கக் கூடாது, பெரிய முகூர்த்த நாளாகவும் இருக்கக் கூடாது, நடவோ அறுவடையோ உச்சத்தில் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பார்வைப் பரிசோதனைக்கு இருபதடி நீளம் உள்ள அறை, கண்ணின் உட்புறம் பார்க்க இருட்டாக்கக் கூடிய இன்னொரு அறை, மின்சாரம், வயதானவர்கள் படி ஏறாமல் வந்து போக வழி, கழிப்பறை, குடிநீர். நோட்டீஸ் அடிக்க வேண்டும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றிலும் உள்ள கிராமங்களில் அறிவிக்க வேண்டும். பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கோயில் கமிட்டியிலும் சொல்லிவைக்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் மருத்துவக் குழு வந்து இறங்கியதும் வரிசை ஒவ்வொரு மேசையாக நகரும். பெயர்ப் பதிவு, பார்வைப் பரிசோதனை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியில் மருத்துவர். ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் ஒரு முதியவர் எங்கே போவது என்று தெரியாமல் நிற்பார். அவரைக் கையைப் பிடித்து அடுத்த மேசையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறவர்தான் சங்கத்து உறுப்பினர். பதிவு மேசையில் உட்காருபவர் செல்பேசி எண்ணைச் சரியாக எழுதவில்லை என்றால் பின்னால் அவரைத் தேடிப் பிடிக்கவே முடியாது. அறுவை சிகிச்சைக்குத் தேர்வானதும் பாதிப் பேர் தயங்குவார்கள். மாற்றுத்துணி எடுத்து வரவில்லை, வீட்டில் சொல்லவில்லை, ஆடு மாடு இருக்கிறது, மகன் வெளியூரில் இருக்கிறான். அங்கே நின்று மகனுக்குப் போன் போட்டுப் பேசி, பக்கத்து வீட்டம்மாவிடம் ஆட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, "வாங்க பெரியம்மா, நானும் கூட வர்றேன்" என்று பேருந்தில் ஏற்றுகிறவர் அன்றைக்குச் செய்த உதவிக்கு ஈடான காசோலை கிடையாது.

இதையும் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. அரவிந்த் மருத்துவமனை முகாம் நடத்திவந்த பகுதிகளிலேயே ஆய்வாளர்கள் மக்களை விசாரித்து எழுதிய ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. கண்ணில் கோளாறு இருந்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான். இலவசம், பேருந்து உண்டு, சாப்பாடு உண்டு, அப்படியும் பெரும்பாலானவர்கள் வரவில்லை. பயம், கூலி போய்விடும் என்ற கவலை, வீட்டுப் பொறுப்பு, வயதானால் கண் மங்கத்தான் செய்யும் என்ற எண்ணம், இவைதான் தடை. அந்த மருத்துவமனை இதை மறைக்காமல் எடுத்துக்கொண்டு, 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே பரிசோதிப்பார், மருத்துவர் தொலைவிலிருந்து கணினி வழியாகப் பார்த்துச் சொல்வார்.

முகாம் நடத்துகிற ஒவ்வொரு சங்கமும் அந்த 7 சதவீதத்தைக் கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் ஆசை. முந்நூறு பேர் வந்தார்கள் என்று செய்தி கொடுப்பது சுலபம். வராதவர்கள் யார் என்று கேட்கத் தொடங்கினால்தான் உறுப்பினர்களுக்கு உண்மையான வேலை பிறக்கும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு அந்தந்தத் தெருவில் சர்க்கரை நோயாளிகள் யார் யார் என்று தெரியும். சர்க்கரை நோயாளிகள் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். சங்கம் முகாமுக்கு முந்தின வாரம் அந்தத் தன்னார்வலரோடு நாலு தெரு நடந்தால், ஒலிபெருக்கி கொண்டுவராத ஆட்களைக் கொண்டுவர முடியும். இதற்கு ஆகிற செலவு இரண்டு டீ.

சரி, இந்தச் சங்கங்கள் எப்படி வந்தன? 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடியதுதான் ரோட்டரியின் தொடக்கம். ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் தையற்கடைக்காரர். சிறிய ஊரில் வளர்ந்த ஹாரிசுக்குப் பெருநகரத்தில் நட்புக்கு ஆள் தேவைப்பட்டது. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறை வைத்துச் சுழற்சியாகக் கூடியதால், சுழல்வது என்ற பொருளில் ரோட்டரி என்ற பெயர். சேவை பின்னால்தான் வந்தது. 1907இல் சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்ட வைத்ததே அவர்களுடைய முதல் பொதுப்பணி. 1917இல் அதே சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் செய்துவந்த மெல்வின் ஜோன்ஸ், வியாபாரிகள் தங்களுக்குள் லாபம் பார்க்கக் கூடுவதோடு நிற்கக் கூடாது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அரிமா சங்கத்தைத் தொடங்கினார். 1925இல் அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊர் ஊராக அரிமா சங்கங்கள் கண் முகாம் நடத்துவதற்கு வேர் அங்கே இருக்கிறது. மதுரையில் அரவிந்தோடு சேர்ந்து கண் மருத்துவமனைகளுக்குப் பயிற்சி தருகிற லைகோ நிறுவனம் 1992இல் அமைந்தபோதும் அரிமா சங்கங்களின் பன்னாட்டு அமைப்பு உதவியிருக்கிறது.

இந்தியாவில் ரோட்டரி கல்கத்தாவில் 1919–20இல் தொடங்கியது, சென்னைக்கு 1929இல் வந்தது. அரிமா சங்கம் 1956இல் பம்பாயில் தொடங்கியது.

அதற்கு முன்னால் நம் ஊரில் கூடிச் செய்கிற பொதுப்பணி இல்லாமல் இல்லை. வியாபாரிகள் ஒவ்வொரு சரக்கு மூட்டைக்கும் இவ்வளவு என்று எடுத்துவைத்த மகமைப் பணத்தில் சத்திரங்களும் பள்ளிகளும் நடந்தன. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலைப் பள்ளி 1889இல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து நடத்திய பள்ளி அது. பணக்காரர் ஒருவர் கொடுத்த நன்கொடையைவிட ஆயிரம் வீடுகள் மறக்காமல் எடுத்துவைத்த பிடி அரிசி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் மகமை பெரும்பாலும் ஒரு சமூகத்துக்குள் நடந்த ஏற்பாடு. சேவைச் சங்கம் கொண்டுவந்த புதுமை, தொழிலை வைத்து ஆள் சேர்த்தது. ஒரு தொழிலிலிருந்து ஒருவர் என்று ரோட்டரி பழைய காலத்தில் கறாராகப் பார்த்தது, பிறகு தளர்த்தியது. அதனால் சிறு நகரத்தில் அரிசி ஆலைக்காரர், பல் மருத்துவர், ஆடிட்டர், நகைக்கடைக்காரர், வங்கி மேலாளர், பள்ளித் தாளாளர் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். கட்சி அரசியலும் மத விவாதமும் சங்கத்துக்குள் கூடாது என்பது அரிமா சங்கத்தின் கொள்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சாதிச் சங்கமும் கட்சிக் கிளையும் தெருவுக்குத் தெரு இருக்கிற நம் ஊர்களில் இப்படி ஒரு மேசை இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அதே நேரத்தில் அந்த மேசையில் பூக்கடைக்காரரும் லாரி ஓட்டுநரும் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். சந்தாவே ஆட்களை வடிகட்டிவிடுகிறது.

சந்தா எவ்வளவு என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். பன்னாட்டுத் தலைமையகத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு டாலர் கணக்கில் இருக்கும், அரையாண்டுக்கு ஒருமுறை சங்கம் ரூபாயில் கட்டும். அதற்கு மேல் மாவட்டப் பங்கு, கூட்டச் செலவு, சாப்பாட்டுச் செலவு. இந்த மாவட்டம் அரசின் வருவாய் மாவட்டம் இல்லை, பல ஊர்ச் சங்கங்களைச் சேர்த்து அந்த அமைப்பே வகுத்துக்கொண்ட எல்லை. சிறு ஊரில் ஆண்டுக்குச் சில ஆயிரத்தில் முடியும், பெருநகரத்துப் பெரிய சங்கத்தில் பல மடங்கு ஆகும். இதை வெட்கப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு, இது போக விழாவுக்கும் சுற்றுலாவுக்கும் தனியாகப் பிரிப்பார்களா என்று மூன்றையும் கேளுங்கள்.

பணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விதி ஒன்று. அரிமா சங்க விதிப்படி பொதுமக்களிடம் திரட்டிய பணம் முழுவதும் பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். சங்கத்தின் நிர்வாகச் செலவை உறுப்பினர்களின் சந்தாவிலிருந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒழுங்கான சங்கத்தில் இரண்டு கணக்குகள் இருக்கும். ஒன்று நிர்வாகம், ஒன்று சேவை. ஊரில் கடை கடையாகப் போய் நன்கொடை வாங்கிய பணத்தில் சங்கத்தின் விருந்து நடக்கக் கூடாது. சேரப் போகிறவர் கேட்கத் தகுந்த ஒரே கேள்வி என்றால் நான் இதைச் சொல்வேன்: போன வருடத்து இரண்டு கணக்குகளையும் பார்க்கலாமா? சந்தோஷமாக எடுத்துக் காட்டுகிற பொருளாளர் இருந்தால் அந்தச் சங்கத்தில் நம்பிச் சேரலாம். பெரிய பணிகளுக்குச் சங்கங்கள் தனி அறக்கட்டளை வைத்திருப்பதும் உண்டு. நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க வேண்டுமானால் அந்த அறக்கட்டளைக்கு அதற்கான பதிவு இருக்க வேண்டும். சங்கத்தின் பெயரை நம்பி ரசீது இல்லாமல் கொடுக்கக் கூடாது.

வரவேற்பு ஃபிளெக்சில் பெயருக்குப் பின்னால் வரும் பிஎச்எஃப், எம்ஜேஎஃப் என்ற எழுத்துகள் படிப்பு இல்லை. முன்னது பால் ஹாரிஸ் பெயரில், பின்னது மெல்வின் ஜோன்ஸ் பெயரில். அந்தந்த அமைப்பின் பன்னாட்டு அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுத்ததற்கான அங்கீகாரம். அந்தப் பணம் வெளிநாட்டுக்குப் போய் மறைந்துவிடுகிறது என்று சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ரோட்டரியைப் பொறுத்தவரை ஆண்டு நிதிக்குக் கொடுக்கும் பணம் மூன்று ஆண்டுகள் முதலீட்டில் இருக்கும். பிறகு அதில் ஏறக்குறைய பாதி, கொடுத்த மாவட்டமே தீர்மானித்துச் செலவிடும் நிதியாகத் திரும்பும். மற்றது உலக நிதிக்குப் போகும். குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள பணிக்கு உலக மானியம் கேட்கலாம். உள்ளூர்ச் சங்கத்தோடு வேறொரு நாட்டுச் சங்கமும் கூட்டுச் சேர வேண்டும். ஊருக்கு இது உண்மையிலேயே தேவையா என்று முதலில் ஆய்வு செய்து காட்ட வேண்டும். கொடுத்த கருவியைப் பின்னால் யார் பராமரிப்பார்கள் என்றும் எழுதித் தர வேண்டும். சில மருத்துவமனைகளில் ரோட்டரி பெயர் போட்ட டயாலிசிஸ் இயந்திரங்களைப் பார்த்தால் பின்னால் இப்படி ஒரு நடைமுறை இருந்திருக்கலாம். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதவும் கணக்குக் காட்டவும் பொறுமை உள்ள ஒருவர் இருந்தால் ஒரு சிறு ஊரும் இந்தப் பணத்தைத் தன் பக்கம் கொண்டுவர முடியும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் இந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது ஓராண்டுப் பதவி. இரண்டு அமைப்புகளிலும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் ஓராண்டுக்குத்தான். மாவட்ட ஆளுநரும் அப்படியே. ஜூலை மாதம் ஊர் முழுக்கப் பணியேற்பு விழாச் சுவரொட்டிகள் வருவது இதனால்தான். இந்த ஏற்பாட்டால் ஒரே ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார முடிவதில்லை. கூச்சப்பட்டு மூலையில் இருந்தவரும் ஒரு வருடம் மேடையேறிப் பேசி, கூட்டம் நடத்தி, கணக்குக் கொடுத்துப் பழகிவிடுகிறார். சிறு நகரங்களில் இது ஒரு நல்ல பயிற்சிக்கூடம்.

கெடுதலும் அதே விதியிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு தலைவரும் தன் ஆண்டுக்கென்று புதிதாக ஒன்று செய்ய ஆசைப்படுகிறார். போன தலைவர் நட்ட மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யாருடைய சாதனைப் பட்டியலிலும் வராது. பள்ளிக்குக் கொடுத்த குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் வடிகட்டியை மாற்ற அடுத்த ஆண்டு நிதி இருக்காது. பழுதாகி நிற்கிற அந்த இயந்திரத்தைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் அடுத்த முறை சங்கத்துக்காரர்கள் வந்தால் சிரித்த முகத்தோடு வரவேற்க மாட்டார். இதற்கெல்லாம் உறுப்பினர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு மாதத்தில் முடித்துக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் நல்ல மனிதர்களையும் அப்படித்தான் நடக்க வைக்கும்.

இதற்கு மாற்றுவழி கொங்குப் பகுதியில் கண்ணெதிரே இருக்கிறது. திருப்பூர், ஈரோடு போன்ற ஊர்களில் மயானத்தை நவீனமாக்கி, மின் தகன மேடையையோ எரிவாயுத் தகன மேடையையோ நடத்துகிற பொறுப்பை ரோட்டரி உறுப்பினர்கள் ஏற்றிருக்கிறார்கள். தகன மேடையை ஒரு வருடத் திட்டமாக நடத்தவே முடியாது. வருடம் முழுவதும் அது இயங்க வேண்டும். பணியாளருக்குச் சம்பளம், எரிபொருள், உலை பழுதுபார்ப்பு, உள்ளாட்சியோடு ஒப்பந்தம், கட்டணக் கணக்கு என்று ஒரு நாளும் விட முடியாத பொறுப்பு. அதனால் இப்படிப்பட்ட பணிகளுக்கு ஆண்டுதோறும் மாறுகிற சங்கத் தலைமைக்கு வெளியே, நிலையான அறங்காவலர்களைக் கொண்ட அறக்கட்டளையை உருவாக்குவதே சரியான வழி. தலைவர்கள் மாறுவார்கள், அறக்கட்டளை மாறாது. சாவு வீட்டுக்காரர்கள் அலையாமல், யாரிடமும் கெஞ்சாமல், சுத்தமான ஓர் இடத்தில் தங்கள் வீட்டுப் பெரியவரை வழியனுப்ப முடிவது எவ்வளவு பெரிய உதவி என்பதை அங்கே ஒருமுறை போய் நின்றவர்கள் அறிவார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

விடாமல் செய்ததற்கு இன்னும் பெரிய சான்று போலியோ. ரோட்டரி 1985இல் உலகத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து என்று பொறுப்பேற்றது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்டவர், 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று உலகச் சுகாதார நிறுவனம் நம் நாட்டைப் போலியோ இல்லாத நாடாக அறிவித்தது. நடுவில் எத்தனை ரோட்டரி ஆண்டுகள், எத்தனை தலைவர்கள் வந்து போயிருப்பார்கள். யாரும் இது முந்தினவர் திட்டம் என்று கைவிடவில்லை. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தபோது, தேசியத் தடுப்பு மருந்து நாள்களில் சண்டையை நிறுத்திவைக்க இரு தரப்போடும் யுனிசெஃப் மூலம் பேச்சு நடந்தது. அந்த முயற்சியில் முன்நின்ற கொழும்பு ரோட்டரி உறுப்பினர் கே.ஆர். ரவீந்திரன் பின்னாளில், 2015–16இல், ரோட்டரியின் உலகத் தலைவரானார். துப்பாக்கிகள் சும்மா இருந்த அந்த நாள்களில் வடக்கிலும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது. ஒரு சேவைச் சங்கம் எதுவரை போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எப்படிச் சேருவது? வழக்கமாக ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் ஒருவர் உங்களை முன்மொழிய வேண்டும். யாரையும் தெரியாது என்றால் செயலாளரிடம் நேரடியாகப் பேசினாலும் போதும், உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்ட எல்லாச் சங்கங்களும் ஆவலாகத்தான் இருக்கின்றன. அந்த ஆவலே உங்களுக்கு ஒரு எச்சரிக்கையாகவும் இருக்கட்டும். பேசிய மறுநாளே பணம் கட்டச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். விருந்தினராகச் சில கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். கொடி வணக்கம், வரவேற்பு, பொன்னாடை, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் முடிந்த பிறகு பணிகளைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். போன மூன்று ஆண்டுகளில் செய்த ஒரு பணியைச் சொல்லச் சொல்லி, நீங்களே அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நிழற்குடையில் மின்விளக்கு எரிகிறதா, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? மேடைப் பேச்சில் தெரியாதது அங்கே தெரிந்துவிடும்.

சேர்ந்த பிறகு பதவி கேட்காதீர்கள், ஒரு வேலையைக் கேளுங்கள். முகாமுக்குப் பிறகு நோயாளிகளுக்குப் போன் செய்கிற வேலை, ரத்த தானம் செய்வோர் பட்டியலைப் புதுப்பித்து வைக்கிற வேலை, பள்ளிக்குக் கொடுத்த பொருள்களை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருகிற வேலை. இவற்றுக்குப் போட்டியே இருக்காது, கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள். தலைவர்கள் மாறினாலும் அந்த வேலை உங்களிடமே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகள் ஒருவர் ஒரே வேலையைச் செய்தால் ஊரில் அந்த விஷயத்துக்கு அவரைத்தான் தேடுவார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரோட்டரியில் பெண்கள் உறுப்பினராவதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போக வேண்டியிருந்தது. 1987இல் தீர்ப்பு வந்தது, 1989இல் ரோட்டரி தன் விதியை உலகம் முழுவதற்கும் மாற்றியது. அரிமா சங்கமும் 1987இல் கதவைத் திறந்தது. விதி மாறிவிட்டாலும் நம் ஊர்ப் பல சங்கங்களில் பெண்கள் இன்றும் உறுப்பினரின் மனைவியாகக் குத்துவிளக்கேற்றவும் குடும்ப விழாவுக்கும் மட்டுமே வருகிறார்கள். இன்னர் வீல் போன்ற தனிப் பெண்கள் சங்கங்கள் நல்ல வேலை செய்கின்றன, அது வேறு. முகாமில் ஒரு பெரியம்மாவைத் தயக்கம் இல்லாமல் பேசவைக்கவும், வளரும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் என்ன வசதி குறைகிறது என்று கேட்டறியவும் பெண் உறுப்பினர் இல்லாத சங்கத்தால் முடியாது. சேர நினைக்கிற பெண்கள் முழு உறுப்பினராகவே சேர வேண்டும், ஓட்டுரிமையோடு, கணக்குக் கேட்கிற உரிமையோடு.

இளைஞர்களுக்குச் சந்தா குறைவான வழிகள் இருக்கின்றன. ரோட்டரியின் ரோட்டராக்ட், அரிமாவின் லியோ, பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்டராக்ட். உலகின் ஆரம்ப கால இன்டராக்ட் சங்கங்களில் ஒன்று 1962இல் நம் தஞ்சாவூரில் தொடங்கியது. ரோட்டராக்டில் முன்பு 30 வயது வரம்பு இருந்தது, 2020இல் அதை எடுத்துவிட்டார்கள்.

சங்கமே வேண்டாம், கூட்டமும் மாலையும் ஒத்துவராது என்கிறவர்களுக்கும் ஊரில் இடம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு, கிளை நூலகத்தில் வாசகர் வட்டம், ஏரி குளம் தூர்வாரும் குழு எதற்கும் டாலரில் சந்தா இல்லை. சேவைச் சங்கங்கள் தங்கள் நிதியோடும் தொடர்புகளோடும் இந்தக் குழுக்களோடு சேர்ந்து வேலை செய்தால் ஊருக்கு இரட்டிப்பு லாபம். இப்போது பெரும்பாலும் அவரவர் பலகையை அவரவர் தனியாக நடுகிறார்கள்.

எப்போது சேருவது என்று கேட்டால், மே, ஜூனில் புதிய நிர்வாகிகள் தங்கள் ஆண்டுக்குத் திட்டம் போடுகிற நேரத்தில் போய்ப் பேசுவது நல்லது. வரப்போகிற செயலாளரிடம் உங்களால் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்பதையும், எந்த வேலையை எடுத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் ஜனவரி இருக்கிறது. அடுத்த அரையாண்டுக் கணக்கு அப்போது தொடங்கும் என்பதால் மீதி அரையாண்டுக்கு மட்டும் சந்தா கட்டிச் சேர முடியுமா என்று பொருளாளரிடம் கேளுங்கள்.